டீ மேக்கரின் ஈறும் மேல் மலைக் கொழுந்தும்

போன மாதம் இளம் பல் மருத்துவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய சங்கம் ஒரு மலர் வெளியிடுகிறதாம். "தோட்டத்துல டிரசரா இருந்தீங்களாமே அங்கிள். ஈறு நோயால சமுதாயத்துக்கு வர்ற பொருளாதார இழப்பப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்றார். தலைப்பைச் சொல்லி முடிக்க அவருக்கே இரண்டு மூச்சு தேவைப்பட்டது. எத்தனை ரிங்கிட் இழப்பு என்று போட்டால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். எனக்கு ரிங்கிட் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒருவருடைய வாய். அதனால் இருபத்து மூன்று பெண்கள் ஒரு மலையையே இழக்கப் பார்த்தார்கள். அதை எழுதுகிறேன்.

டிரசர் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தோட்ட மருந்தகத்துக்கு டாக்டர் மாதம் இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் டாக்டர் வேலையைப் பார்ப்பவர் டிரசர். ஈப்போவில் மூன்று ஆண்டு பயிற்சி பெற்றேன். அதில் பல்லுக்கு ஒதுக்கியது ஒரு பிற்பகல். அன்று மழை, ஆசிரியர் வரவில்லை. அந்தத் தகுதியோடு எழுபதுகளின் நடுவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். தானா ராத்தாவிலிருந்து லோரியில் முக்கால் மணி நேரம்.

வாய் வலி என்று வருபவர்களுக்கு என்னிடம் மூன்று மருந்துகள் இருந்தன. உப்புத் தண்ணீர், ஊதா மருந்து, கிராம்புத் தைலம். தொழிலாளர்களுக்கு முதல் இரண்டும். ஊதா மருந்து தடவிய வாயோடு நாலு பேர் பெரட்டில் நின்றால், நாவல் பழக் கூடையைச் சூறையாடிவிட்டு வந்தவர்கள் போல இருப்பார்கள். பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கிராம்புத் தைலம் விலை கூடியது. சின்னப் புட்டியில் வரும். அதை ஸ்டாஃபுக்கு மட்டும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் வைத்திருந்தார். நானும் ஏன் என்று கேட்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

அந்தப் புட்டியின் முக்கால் பங்கைத் தீர்த்தவர் டீ மேக்கர் ராஜகோபால்.

ஆலையில் தேயிலை வாடுவதிலிருந்து பெட்டியில் அடைபடுவது வரை எல்லாவற்றுக்கும் டீ மேக்கர்தான் பொறுப்பு. கடைசியில் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அவரே. ராஜகோபால் ருசி பார்ப்பதை நான் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பார். ஒரு பழைய காசைத் தராசில் போட்டு, அந்த எடைக்குத் தேயிலை. கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, ஆறு நிமிடம் கடிகாரத்தை முறைப்பார். பிறகு கரண்டியில் எடுத்து உறிஞ்சுவார். துணி கிழிக்கிற சத்தம் கேட்கும். வாய்க்குள் உருட்டிவிட்டு, இடுப்பு உயரப் பித்தளைப் பாத்திரத்தில் துப்புவார். ஒரு சொட்டும் வெளியே போகாது. அதன் பிறகு பேரேட்டில் ஒரு சொல் எழுதுவார். "உயிர் உண்டு" என்பது அவர் கொடுக்கும் உச்ச மார்க். "சப்" என்றால் கதை முடிந்தது.

ருசி பார்க்கும் அந்த அறைக்குள் யாரும் பூ வைத்துக்கொண்டோ, வாசனை எண்ணெய் தடவிக்கொண்டோ, வெற்றிலை போட்டுக்கொண்டோ வரக் கூடாது. முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்த ஆபீஸ் குமாஸ்தாவை, இளநிலைக் கிராணியை, அவர் வாசலோடு திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். "மூஞ்சிய கழுவிட்டு வாலா, இது கல்யாண வீடு இல்ல" என்றார்.

அவருக்கு ஈறு நோய் இருந்தது. ஈறு வீங்கி, பல் துலக்கினால் இரத்தம் வரும். கீழ்ப் பற்களில் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. ஆலைப் பக்கத்து மருந்தகத்தை நான் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குத் திறப்பேன். முதல் ஆளாக வந்து, கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறப்பார். பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து ஈறு முழுக்கத் தடவுவேன். ஒன்பது மணிக்கு ருசி பார்க்கப் போய்விடுவார்.

"புத்தகத்துல எழுதாதீங்க டிரசர்" என்றார் முதல் நாளே.

"எழுதாம மருந்து எடுக்க முடியாது சார்."

"அப்ப காதுன்னு எழுதுங்க."

காது வலி என்று எழுதினேன். மாதக் கடைசியில் அந்தப் புத்தகம் துரையிடம் போகும். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்க வேண்டாம். எங்கள் துரை ஈப்போக்காரர், தமிழர். குரலை உயர்த்தாத மனிதர். நாம் பேசும்போது பென்சில் சீவிக்கொண்டே கேட்பார். எவ்வளவு நேரம் பேசிவிட்டோம் என்பதைப் பென்சிலின் நீளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பேசி முடித்ததும் அவருக்கு மூன்றே கேள்விகள். எப்போ? எத்தனை? யார் பார்த்தது? எனக்கு அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் தோட்டச் செய்தி எழுதி அனுப்பும் பழக்கம் இருந்தது. அங்கிருந்த ஆசிரியரும் கடிதம் போட்டு இதே மூன்றைத்தான் கேட்பார். துரைக்குப் பதில் சொல்வதற்கு அது நல்ல பயிற்சி.

அந்தத் துரை என் புத்தகத்தைப் படித்துவிட்டு, டீ மேக்கருக்குக் காது மந்தம் என்று முடிவு செய்தார். அதிலிருந்து ராஜகோபாலிடம் மட்டும் உரக்கப் பேச ஆரம்பித்தார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர் தன்னிடம் மட்டும் கத்துகிறாரே என்று ராஜகோபால் பயந்துபோனார். தேயிலையில் ஏதோ குறை என்று துரை நினைக்கிறார் போலிருக்கிறது என்று, குறை கண்டுபிடிப்பதில் தீவிரமாக இறங்கினார். குறையும் கிடைத்தது. மேல் மலையில்.

மேல் மலை எங்கள் தோட்டத்தின் உச்சி. குளிர் அதிகம், கொழுந்து மெதுவாகத்தான் வரும். திங்களும் வியாழனும் மட்டும் அங்கே பறிப்பு. அந்தக் கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியற்காலையில் அரைபட்டு, செவ்வாயும் வெள்ளியும் காலையில் தேயிலையாகிவிடும். அந்த இரண்டு நாளும் டீ மேக்கர் ருசி பார்ப்பது அதை மட்டும்தான். தோட்டத்திலேயே சிறந்த இலை என்பதால் தனிப் பெட்டி. பறிக்கும் இருபத்து மூன்று பெண்களுக்கும் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி. அவர்களில் மூத்தவர் பச்சையம்மா. இரண்டு இலையும் ஒரு அரும்பும் என்று மற்றவர்கள் வாயால் சொல்வதை அவர் விரல் கண்ணை மூடிக்கொண்டு செய்யும்.

மூன்று மாதம் மேல் மலைத் தேயிலைக்குத் தொடர்ந்து "சப்" விழுந்தது. முதல் மாதம் எச்சரிக்கை. இரண்டாம் மாதம், முற்றின இலை கலக்கிறார்களா என்று கூடைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் மாதம் துரை, மாதக் கடைசியோடு மேல் மலையைக் கீழ் மலை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, பச்சையம்மா கூட்டத்தைப் புல்வெட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தார். கூலி குறையும் என்பது ஒரு பக்கம். கையில் சுத்தமில்லாதவர்கள் என்ற பெயர் இன்னொரு பக்கம். அந்தப் பெயரோடு வேறு தோட்டத்துக்கும் போக முடியாது.

அறிவிப்பு வந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ராஜகோபாலுக்குத் தடவுவதற்கு முன் தைலப் புட்டியின் தக்கை இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். பயிற்சியில் செய்யாதே என்று சொன்ன வேலை. உதட்டிலும் நாக்கிலும் தைலம் பட்டுவிட்டது. அவருக்குத் தடவி அனுப்பிவிட்டு என் தேநீரைக் குடித்தேன். வெந்நீர் குடித்தது போலிருந்தது. சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நேரம் பச்சையம்மா உள்ளே வந்தார். மருந்துக்கு வரவில்லை.

"டிரசரய்யா, நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதுறவரு. தொரைக்கு ஒரு காய்தம் எழுதித் தரணும்."

"என்னன்னு?"

"எங்க இலைக்கு ஒரு குறையும் இல்லன்னு. செவ்வாயும் வெள்ளியும் வர்ற தேயிலையில மட்டும் நாங்க என்னா மண்ணையா அள்ளிப் போடுறோம்? நாங்க பறிக்கிற அதே கைதான், மத்த நாள் கீழ் மலையில பறிச்சா நல்லாருக்காம். கைய மாத்தி மாட்டிக்கிட்டா ஏறிப் போறோம்?"

நான் கையில் வைத்திருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். செவ்வாய், வெள்ளி. ஆலைப் பக்கத்து மருந்தகத்தை நான் திறக்கும் நாட்கள்.

"காய்தம் ரெண்டு நாள் பொறு" என்றேன். அவருக்குக் கோபம். "ஆமா, மாசம் முடிஞ்ச பொறகு நல்லா நிதானமா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை ராஜகோபால் வீட்டுக்குப் போய் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

"இத வெளியில சொன்னா என் கதை என்னான்னு தெரியுமா டிரசர்? டவுனுக்குப் போனா எல்லாப் பல்லையும் புடுங்கணும்பான். புடுங்கிட்டு மேல பொய்ப்பல் பிளேட்டு மாட்டுவான். அண்ணம் மூடிடும். அண்ணம் மூடின டீ மேக்கர எந்தத் தோட்டத்துல வச்சிருக்கான், சொல்லுங்க."

அதுதான் அவர் பயம். இரண்டு ஆண்டாக ஈறைக் காட்டாமல் மறைத்ததும் அதனால்தான். பயம் நியாயமானது என்பதை ஒத்துக்கொண்டேன். ஆனால் என் தவறும் அதே கதையில் இருக்கிறது. நோய்க்கு வைத்தியம் பார்க்காமல் நான் மூன்று மாதம் வலியை மட்டும் மரக்கச் செய்தேன். வலியோடு சேர்ந்து நாக்கும் மரத்தது. அந்த நாக்கின் தீர்ப்பில் இருபத்து மூன்று பேர் புல்வெட்டப் போகிறார்கள்.

"யாருக்கும் சொல்ல வேணாம் சார். நாளைக்கு நாம ரெண்டு பேரும் பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் புதன். அவர் ஈறில் தைலம் இல்லாத நாள். செவ்வாய்க்கிழமை "சப்" விழுந்த மேல் மலைத் தேயிலையை ஒரு கோப்பையிலும், கீழ் மலையின் மூன்று நாள் தேயிலையை மற்ற மூன்றிலும் போட்டேன். அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றி வைத்தேன். அவர் வரிசையாக உறிஞ்சித் துப்பிக்கொண்டு வந்தார். மூன்றாவது கோப்பையில் நின்றார். மறுபடியும் ஒரு கரண்டி எடுத்தார்.

"இது யாரு இலை? உயிர் இருக்கே."

அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். தைலம் தடவினேன். கால் மணி நேரம் கழித்து அதே நான்கு கோப்பைகளையும் புதிதாகப் போட்டு வைத்தேன். உறிஞ்சினார்.

"நாலும் வெந்நீர்" என்றார். பிறகு, "பவுடர் போட்டுட்டு வந்தவன வெளியில அனுப்பினேன். நான் ஒரு பலசரக்குக் கடையையே வாயில வச்சிட்டு உக்காந்திருந்திருக்கேன்" என்றார்.

இருவரும் சேர்ந்தே துரையிடம் போனோம். அவர் முழுப் பென்சிலையும் பாதியாக்கினார். எப்போ, எத்தனை, யார் பார்த்தது எல்லாம் கேட்டார். காது என்று எழுதியதையும் சொன்னேன். சீவுவது ஒரு நொடி நின்றது. "அப்போ மிஸ்டர் ராஜகோபால், நான் மூணு மாசமா உங்ககிட்ட கத்தினது?"

"நல்லாக் கேட்டுச்சு சார்" என்றார் ராஜகோபால்.

துரை தன் காடியிலேயே, அதாவது சொந்தக் காரிலேயே, அவரைத் தானா ராத்தாவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பல் மருத்துவர் இரண்டு பற்களை மட்டும் எடுத்தார். மற்றவற்றைச் சுத்தம் செய்தால் நிற்கும் என்றும், சனிக்கிழமை மறுபடி வரும்படியும் சொன்னார். பிளேட்டு என்ற பேச்சே எழவில்லை. இரண்டு ஆண்டு பயந்த விஷயம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

வியாழக்கிழமைப் பெரட்டில் துரை சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். மேல் மலை இலை சரியாகிவிட்டது, பழைய ஆட்களே அங்கே பறிக்கலாம் என்றார். அவ்வளவுதான் என்று கிராணி புத்தகத்தை மூடினார். பச்சையம்மா நகரவில்லை.

"எப்படித் தொரை சரியாச்சு? போன வாரமும் இதே கைதான், இந்த வாரமும் இதே கைதான். நாங்க ஒண்ணும் மாத்தலயே. நாளைக்கு மறுபடியும் கெட்டுப் போச்சுன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்னா நிச்சயம்?"

துரை கையில் பென்சில் இல்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜகோபால் வரிசையை நோக்கி நாலடி நடந்தார். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"இலையில தப்பு இல்லம்மா. என் வாயிலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, கீழுதட்டை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார்.

ஐம்பது அறுபது பேர் நிற்கிற பெரட்டில், வாசனைப் பவுடரைக்கூடப் பொறுக்காத மனிதர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பச்சையம்மா கிட்டே வந்து, கூடையில் கிடக்கிற இலையைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தார்.

"இதா? இது எனக்கு நாலு வருசமா இருக்கு" என்று தன் உதட்டை இழுத்துக் காட்டினார்.

"எனக்கும்தான்" என்றது பின்னால் ஒரு குரல். அடுத்த நிமிடம் வரிசை முழுக்க உதடுகள். துரை என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எத்தனை?"

மேல் மலைக் கூட்டத்தை மட்டும் எண்ணினேன். இருபத்து மூன்றில் பதினான்கு. என் புத்தகத்தில் அந்தப் பதினான்கு பேருக்கும் ஈறு என்ற வார்த்தையே கிடையாது. பல் வலிக்கு எம்.சி., அதாவது சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, கொடுக்கிற வழக்கம் தோட்டத்தில் இல்லை. டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் அவர்கள் போகவில்லை. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கஞ்சியை ஒரு பக்கமாகக் குடித்துவிட்டு, பறிக்கப் போனார்கள். பல் வலியால் இழந்த வேலை நாள் ஒன்றுமில்லை என்று ஆண்டுதோறும் நான் எழுதிக் கொடுத்த அறிக்கை சுத்தமாக இருந்தது. எழுதாத இழப்பை யாரும் கேட்பதில்லை. டீ மேக்கருக்கு வந்தபோதுதான் அது தேயிலையில் தெரிந்தது.

"டீமேக்கரய்யாவுக்குக் காடி போச்சு. எங்களுக்கு?" என்றார் பச்சையம்மா.

துரை கிராணியிடம் புத்தகத்தை மறுபடி திறக்கச் சொன்னார். "சனிக்கிழமை லோரி. முழு நாள் சம்பளம்" என்றார்.

"வேற ஒண்ணும் இருக்கு" என்றார் பச்சையம்மா, ராஜகோபாலைப் பார்த்து. "மேல் மலைத் தேயிலை ஒரு பொட்டலம் வேணும். கெட்டுப் போச்சு கெட்டுப் போச்சுன்னீங்களே, நாங்க அதக் குடிச்சதே இல்ல." எங்களுக்கு அது அப்போதுதான் உறைத்தது. அந்த இலை எல்லாம் பெட்டியில் போய்விடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவது தூள்.

சனிக்கிழமை லோரியில் பதினான்கு பெண்களும் நானும் ஏறினோம். ராஜகோபால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இருந்து யாரோ, "டீமேக்கரய்யா, பள்ளத்துல விட்டா பல்லு தானா விழுந்துரும், டாக்டரே வேணாம்" என்றார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னார்.

மருத்துவர் முதலில் அவரைக் கூப்பிட்டு, ஊசி போட்டுச் சுத்தம் செய்து அனுப்பினார். வெளியே வந்தவர் வராந்தா பெஞ்சில் பச்சையம்மாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்ததால் அங்கே உட்கார்ந்தார். வாயின் ஒரு பக்கம் தொங்கியது. பச்சையம்மா பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினார். மேல் மலைத் தேயிலை. டின் பால் நிறைய ஊற்றியிருந்தார்.

ராஜகோபால் அந்த நிறத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனாலும் வாங்கினார். உறிஞ்சிப் பார்த்தார். மரத்த உதடு ஒத்துழைக்காமல் பாதி சட்டையில் வழிந்தது.

"எப்படி?" என்றார் பச்சையம்மா.

"நல்லாருக்கு."

"ருசி தெரியுதா?"

"இல்லம்மா. ஊசி போட்டிருக்கு. ஒண்ணுமே தெரியல."

"அப்புறம் எப்படி நல்லாருக்குன்னீங்க?"

அவர் சட்டையைத் துடைத்தார். "எந்த மலைன்னு தெரியும். யாரு பறிச்சதுன்னும் தெரியும்."

உள்ளேயிருந்து பச்சையம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு, பிளாஸ்கை அவர் மடியில் வைத்தார்.

"இந்த ஊசிய உங்களுக்கு மூணு மாசத்துக்கு முன்னாடியே போட்டிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.